சரக்குத்தூள் போட்ட ஹீற்றர்

குசினிச் சிங்குக்குக் கீழே, முதுகைத் தரையில் போட்டு, வளைந்த பிளாஸ்ரிக் குழாயை மூக்குக்கு நேரே பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தண்ணீர் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. குழாயின் வளைவைக் கழற்றி வாளிக்குள் தட்டினேன். தொப்பென்று ஒரு கட்டி விழுந்தது. கபில நிறம், களிமண் இறுக்கம், மிளகு மணம். அத்தான் அரைத்த சரக்குத்தூள்.

இவ்வளவு அகலமான குழாயையே இது அடைக்குமென்றால், ஊசிமுனை அளவு ஓட்டையை அடைக்காதா?

கழற்றிய குழாயைத் திரும்பப் பூட்டவேண்டும் என்ற நினைவே இல்லாமல் எழும்பி வெளியே ஓடினேன். காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது, உள்ளே அக்கா தண்ணீரைத் திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்தது, "எடியே" என்ற கூப்பாடு. அவளுடைய கால் நனைந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. யோசனை வந்த நேரத்தில் கையை வைக்காவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும்.

எண்பதுகளின் கடைசி, தை மாதம், மேற்கு லண்டனில் சவுத்தால். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை அக்காவும் அத்தானும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்களோடு நானும். பொலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் தமிழ். அத்தானுக்குப் பெற்றோல் அடிக்கிற செற்றில் வேலை, விடியப்புற ஷிப்ட். அந்த ஷிப்டுக்குப் போய்வரத்தான் கார். நீல நிறம் என்று பத்திரத்தில் இருந்தது. துருவும் நீலமும் பாதிப்பாதி என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அக்காவுக்கு மார்கழிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் சரக்குக் கறிதான் கொடுப்பார்கள். மிளகு, மல்லி, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாவற்றையும் வறுத்து அரைத்த தூளில் மீனோ கோழியோ உள்ளிப்பூண்டோடு சேர்த்து வைப்பது. லண்டனில் அதைச் செய்து தர எங்களுக்கு ஆளில்லை. அத்தான்தான் செய்தார். லீவு எடுத்து, சவுத்தால் கடைகளில் சாமான் தேடி, வறுத்து, கோப்பிக்கொட்டை அரைக்கிற சின்ன மெஷினில் அரைத்தார். அந்த மெஷினுக்குப் பொடியாக அரைக்கத் தெரியாது. ரவைபோலத்தான் வரும். இருந்தாலும் அத்தான் அந்தப் போத்தலைக் குசினிச் சுவர்த்தட்டின் நடுவில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து மணக்கக் கொடுத்தார்.

இனி ஹீற்றர். ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்த அன்று, அக்கா முன் இருக்கையில் இருந்தாள். நான் பின்னால், மடியில் குழந்தையோடு. அத்தான் ஹீற்றரை முழுக்கத் திறந்துவிட்டார்.

"என்ன இது, பாணி மாதிரி ஒரு இனிப்பு மணம்?" என்றாள் அக்கா.

"ஆஸ்பத்திரி மணம் உன்ரை மூக்குக்குள்ளை நிக்குது" என்றார் அத்தான்.

கண்ணாடி உள்பக்கமாகப் பனிமூட்டம்போலப் புகார் பிடித்தது. துடைத்தால் எண்ணெய் பூசியதுபோல இழுபட்டது. அத்தான் குழந்தையின் நப்கினால் துடைத்துத் துடைத்து, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டினார். வீட்டு வாசலில் இறங்கியபோது அக்காவின் காலுறை இரண்டும் நனைந்து பச்சை பிடித்திருந்தன.

நான் அன்றைக்கே கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். காரின் ஹீற்றர் என்பது டாஷ்போட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஒரு சின்ன றேடியேற்றர். என்ஜினின் சுடுதண்ணீர் அதற்குள்ளால் ஓடும், விசிறி அதன் மேலே காற்றை ஊதும், காற்று சூடாகி எங்கள் காலுக்கும் கண்ணாடிக்கும் வரும். அந்தச் சின்ன றேடியேற்றரில் எங்கேயோ ஓட்டை. அதனால் தண்ணீரும், உறையாமலிருக்க அதோடு கலந்திருக்கிற பச்சைத் திரவமும் உள்ளே ஒழுகின. அந்தத் திரவம் நஞ்சு. அதன் ஆவியைத்தான் பிறந்த பிள்ளை மூச்சில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் பிள்ளையோடை இந்தக் காரிலை ஏறமாட்டன்" என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "முப்பத்தொண்டுக்கு என்ன செய்யிறது?" என்று தானே கேட்டாள்.

முப்பத்தொண்டுதான் பிரச்சினை. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள்; அன்றைக்குத்தான் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து அக்கா வீட்டுப்படி தாண்டலாம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் முதன்முதலில் மனோர் பார்க் முருகனிடம் கொண்டுவந்து காட்டுவேன் என்று நேர்த்தி வைத்திருந்தாள். மனோர் பார்க் லண்டனின் மற்ற அந்தம். நெரிசலில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடவேண்டும். "இங்கை பக்கத்திலை இருக்கிற கோயிலுக்குப் போவம்" என்று நான் சொன்னதுக்கு அவள் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டேன். ரயிலில் மாறி மாறிப் போக அவளுக்குத் தைரியமில்லை. வாடகைக் கார் கட்டுப்படியாகாது. கூட்டாளிகளிடம் கார் கேட்க அத்தான் சம்மதிக்கவில்லை. "கார் இருக்கிறவன் கார் கேக்கிறதோ" என்றார்.

கராஜ்காரன் டாஷ்போட் முழுவதையும் கழற்றவேண்டும் என்று சொன்ன கூலிக்கு அதே மாதிரி இன்னொரு கார் வாங்கலாம். சும்மா செய்யக்கூடிய வேலை ஒன்று இருந்தது. ஹீற்றருக்குப் போகிற குழாயையும் வருகிற குழாயையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டால் தண்ணீர் ஹீற்றர்ப் பக்கம் போகாது, ஒழுகாது. சூடும் வராது. தை மாதத்தில், பிறந்த குழந்தையோடு, கண்ணாடி தெரியாமல் லண்டனைக் குறுக்கே கடப்பது அது. நான் அதை வேண்டாம் என்று வைத்தேன்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை. விரிவுரையாளர் வெப்பமாற்றிகளைப் பற்றித்தான் நடத்திக்கொண்டிருந்தார். சுடுதண்ணீர் இந்தப் பக்கத்தால் போகிறது, காற்று அந்தப் பக்கத்தால் வருகிறது, குழாயின் சுவர் இவ்வளவு மெல்லிது என்று பலகையில் அழகழகாகக் கோடு கீறினார். ஒழுகினால் என்ன செய்வது என்று கையைத் தூக்கிக் கேட்டேன். இந்தக் கணக்கில் ஒழுகுவதில்லை என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கால் மட்டும் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தது.

ஆகவே சிங்குக்குக் கீழே அந்தக் கட்டியைப் பார்த்தபோது நான் ஓடியதில் ஆச்சரியமில்லை. ஒழுகுகிற றேடியேற்றருக்கு மிளகுத்தூள் போடுவார்கள் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். தூள் தண்ணீரோடு சுற்றிப்போய் ஓட்டையில் சிக்கி ஊதி அடைக்கும். சரக்குத்தூளில் மிளகு இருக்கிறது. மல்லித் தும்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது. வெறும் மிளகைவிடத் திறமாக வேலைசெய்யும் என்று எனக்கு நானே நிரூபித்துவிட்டேன். கண்ணாடி தெரியாத காரை வீட்டில் விட்டுவிட்டு அத்தான் அந்தக் கிழமை பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார். அக்கா காலைத் துடைத்துக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள். போத்தலில் பாதியைச் சுடுதண்ணீரில் கரைத்து, றேடியேற்றர் மூடியைத் திறந்து ஊற்றி, என்ஜினை ஸ்ராட் பண்ணினேன்.

கொஞ்ச நேரத்தில் ஹீற்றர்த் துவாரங்களிலிருந்து சரக்குக் கறி மணம் வந்தது. அடுத்த நாள் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் கூடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒழுக்கு நின்றுவிட்டது.

அன்று பின்னேரம் வேலையால் வந்த அத்தான் காரின் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார். "காருக்குள்ளை ஆர் சமைச்சது?"

நான் விஷயத்தைச் சொன்னேன், விளக்கப்படத்தோடு. அவர் படத்தைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த போத்தலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பிள்ளை பெத்தது உம்மட கொக்காவோ, காரோ?"

"ஒழுக்கு நிண்டிட்டுதே, அத்தான்."

"நான் லீவு எடுத்து, கைபொரிய வறுத்து... நீர் அதைக் கொண்டுபோய் றேடியேற்றருக்கை ஊத்திப்போட்டு நிக்கிறீர். மிஞ்சினதையும் எடும். ரயருக்கும் கொஞ்சம் தடவிவிடும்."

அக்கா உள்ளே சிரித்துச் சிரித்து, தையல் போட்ட இடம் நோகுது, பேசாமல் இருங்கோ என்று கெஞ்சினாள். ஒழுக்கு நின்றது என்பதை மட்டும் அவள் காதில் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே முப்பத்தொண்டுக்குக் குழந்தைக்குப் போடுகிற சட்டையைத் தோய்த்து மடித்து வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. சனிக்கிழமை அத்தானும் நானும் கடைக்குப் போய் அக்ஸ்பிறிட்ஜ் றோட்டால் திரும்பி வரும்போது என் முழங்கால் குளிர்ந்தது. கையைத் துவாரத்துக்கு முன்னால் பிடித்தேன். ஜன்னலுக்கு வெளியே வீசுகிற காற்று. திருகியைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பினேன். அதே காற்று.

"என்னவாம் உம்மட சயன்ஸ்?" என்றார் அத்தான்.

பதில் சொல்வதற்குள் என்ஜின் சூடு காட்டுகிற முள் ஏறத் தொடங்கியது. கார் ஓரமாக நின்றது. நான் இறங்கி நடைபாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். நடந்துகொண்டே விளங்கிக்கொண்டேன். தூள் ஓட்டையோடு நிற்கவில்லை. தலைமயிர்போல மெல்லிய அத்தனை குழாய்களிலும் போய்ப் படிந்து ஹீற்றரை முழுதாக அடைத்துவிட்டது. இப்போது பெரிய றேடியேற்றரையும் அடைக்கப் பார்க்கிறது. ஒழுகாமலிருப்பதும் சூடில்லாமலிருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

என்ஜின் ஆறியபின் மெல்ல உருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பின்வளவுத் தண்ணீர்க் குழாயைப் பொருத்தி றேடியேற்றரை மாறிமாறிக் கழுவினேன். மஞ்சள் தண்ணீர் ஓடையாகப் போனது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மணத்தைப் பிடித்து, என்ன கறி என்று கேட்டார். பெரிய றேடியேற்றர் தப்பியது. ஹீற்றருக்குள் தண்ணீரைப் பாய்ச்சினால் கொஞ்சம் தூள் வந்தது, பிறகு நின்றது. இன்னும் வேகமாகப் பாய்ச்சினேன். அடைபட்டிருந்த ஓட்டை திறந்துகொண்டது. கம்பளம் நனைந்தது. சூடு வரவில்லை. இரண்டு வியாதியும் இப்போது ஒன்றாக இருந்தன.

வேண்டாம் என்று வைத்த வேலையையே செய்தேன். இரண்டு குழாய்களையும் ஒன்றாகப் பொருத்தி ஹீற்றரை வெட்டிவிட்டேன். அடுத்த நாள் விடியப்புறம் அத்தான் தொப்பி, கழுத்துத் துணி, இரண்டு ஜக்கெற், கையுறையோடு காரில் ஏறினார்.

"எங்கையப்பா, இமயமலைக்கோ?" என்று படுக்கையிலிருந்தே அக்கா கேட்டாளாம். இதை அவர்தான் வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. அதனால் நான் அடுத்ததைக் கேட்கத் துணிந்தேன்.

"அத்தான், டாஷ்போட்டை நான் கழட்டட்டே?"

"உம்மாலை ஏலுமோ?"

"கழட்ட ஏலும்."

"திரும்பப் பூட்ட?"

"புத்தகம் இருக்கு." நூலகத்திலிருந்து அந்தக் காருக்கான திருத்த வேலைப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன். எனக்கு முன்னால் எடுத்தவரின் எண்ணெய் விரல்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தன. ஹீற்றர் அத்தியாயத்தில் மட்டும் ஒரு கறைகூட இல்லை. அதைப் பார்த்துத் தயங்கியிருக்கவேண்டும். நான் அதை அத்தானுக்குக் காட்டவில்லை.

அவர் சாவியைத் தந்தார். "நான் பஸ்ஸிலை போறன். முப்பத்தொண்டுக்கு முதல் என்ரை கார் காராய் இருக்கவேணும். இல்லாட்டி உம்மட கொக்காவுக்கு நீரே மறுமொழி சொல்லும்."

வகுப்பு முடிந்து ஓடிவந்து, வெளிச்சம் இருக்கிற கொஞ்ச நேரத்தில்தான் வேலை. கழற்றுகிற திருகாணிகளை வைக்க இட்லித்தட்டை எடுத்தேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பகுதி. ஸ்ரேறிங்கைச் சுற்றி இருந்தது ஒரு குழி, முள் காட்டுகிற பெட்டியினுடையது இன்னொரு குழி என்று ஒழுங்காகப் போட்டேன். வயர்களுக்குக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை வெட்டிச் சுற்றி அடையாளம் எழுதினேன். கடைசி ஆணி எங்கே என்று எத்தனையோ தரம் தேடினேன். அது கையுறைப் பெட்டிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. விரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தேன். அத்தியாயம் ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று அப்போது விளங்கியது. டாஷ்போட் முனகிக்கொண்டு கையில் வந்தது. அதன் பின்னால் பெட்டி, பெட்டிக்குள் ஹீற்றர். மஞ்சள் பொருக்குக்குள் புதைந்து கிடந்தது.

"என்ரை இட்லித்தட்டு எங்கை?" என்று அக்கா ஜன்னலால் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியிலை" என்றேன்.

புதிது வாங்க வழியில்லை. ஹேய்ஸ் பக்கம், கால்வாய்க்கு அருகில், உடைந்த கார்களை அடுக்கிவைத்து விற்கிற ஒரு யாட் இருந்தது. பஸ்ஸில் போனேன். அங்கிருந்த மனிதர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், வீட்டுக்காரன் வரவில்லையா என்று இங்கிலிஷில் கேட்டார். வீட்டுக்காரன் இல்லை, ஸ்பானர் இருக்கிறது என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்த வரிசையில் எங்கள் மொடல் கிடக்கிறது, நீயே கழற்றிக்கொள், எந்த வருடத்து ஹீற்றரும் எந்த வருடத்துக்கும் பொருந்தும் என்றார். முன்பக்கம் நொருங்கிய ஒரு கார். டாஷ்போட்டை யாரோ முன்பே கொண்டுபோயிருந்தார்கள். எனக்கு அது பெரிய அதிர்ஷ்டம். ஹீற்றரை உருவி எடுத்துக்கொண்டு, மழைக்குள் நின்று, சிரித்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த கிழவர் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஊதவேண்டும். வீட்டில் அதற்கு அளவான பாத்திரம் ஒன்றுதான்: குழந்தையைக் குளிப்பாட்டுகிற இளஞ்சிவப்புப் பேசின். ஒரு வாயைக் கட்டைவிரலால் பொத்தி, மற்ற வாயில் றப்பர்க் குழாயைச் செருகி, முழு மூச்சையும் விட்டு ஊதினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. காது அடைக்கும்வரை ஊதினேன். வரவில்லை.

"பேசினை மூண்டு தரம் கழுவிப்போட்டுத் தா. இல்லாட்டி உன்னைத்தான் அதிலை குளிப்பாட்டுவன்" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை பின்னேரம் பொருத்தப்போனேன். யாட்காரர் சொன்னது பிழை. ஹீற்றர் எங்கள் பெட்டிக்குள் ஒரு விரலளவு கூடுதல் நீளம். மூடி மூடவில்லை. காருக்குள் குந்தியிருந்து, பிளாஸ்ரிக் பெட்டியின் உள்விளிம்பை அரத்தால் தேய்க்கத் தொடங்கினேன். தேய்ப்பதும் வைத்துப் பார்ப்பதும் எடுத்துத் தேய்ப்பதும். முப்பத்தொண்டு ஞாயிற்றுக்கிழமை. 

அப்போது மற்றக் கதவு திறந்தது. அக்கா. ஜக்கெற்றுக்கு மேலே போர்வை, போர்வைக்குள் குழந்தை. முன் இருக்கையில் இருந்து கதவைச் சாத்தினாள்.

"துடக்கோடை என்னண்டு வெளியிலை வந்தனீ?"

"வெளியிலை எங்கை வந்தனான்? காருக்குள்ளையெல்லே இருக்கிறன்."

அவளுக்கு முன்னால் டாஷ்போட் இருந்த இடத்தில் வயர்களும் ஒரு பெரிய இருட்டுக் குகையும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதெல்லாம் திரும்ப உள்ளை போகுமே?"

"போகும்."

"உன்ரை மூஞ்சை அப்பிடிச் சொல்லேல்லை."

நான் தேய்த்தேன். அவள் குழந்தையின் முகத்தை மூடிய துணியை விலக்கி, கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டினாள். றோட்டில் ஒரு பஸ் போனது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். அக்கா அதையெல்லாம் படம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அந்த அறைச் சுவரிலை எத்தினை ஊத்தைப் புள்ளி எண்டு எனக்குத் தெரியும், தெரியுமோ" என்றாள். "ஜன்னலாலை பார்த்தால் பஸ் ஸ்ரொப் ஒண்டு. அதிலை நிக்கிற ஆக்களிலை அரைவாசிப்பேருக்கு நான் பேர் வைச்சிட்டன். நீங்கள் ரெண்டுபேரும் வெளியிலை போறியள், வாறியள், சண்டை பிடிக்கிறியள், கதைக்கிறியள். எனக்கு ஆசையாய் இருக்கும்."

"வேணுமெண்டால் அடுத்த கிழமை போகலாம். முருகன் கோவிக்கமாட்டார்" என்றேன்.

"முருகன் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன்." குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "சூடு வந்தாலும் வராட்டிலும் ஞாயிற்றுக்கிழமை நான் வெளிக்கிடுவன். கார் சரிவராட்டில் ரயிலிலை போறன். ரயில் நிண்டால் நடப்பன். ஆனால் பிள்ளைக்குக் குளிர் பிடிச்சுதெண்டால் உன்னைத்தான் கேப்பன். விளங்குதே?"

"ஓம்."

"அப்ப தேய்."

அவள் உள்ளே போன பிறகு வெளிச்சம் மங்கும்வரை தேய்த்தேன். மூடி டக்கென்று விழுந்து மூடியது. திரும்பத் திறந்து மூடிப் பார்த்தேன். மூடியது. குழாய்களை இறுக்கினேன். டாஷ்போட்டைப் பூட்டவில்லை. அதைப் பூட்டிவிட்டால், ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேசையில் அத்தானிடம் திட்டத்தைச் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருந்தார். எனக்காக எடுக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னார்.

நாளைக்கு முதலில் பச்சைத் திரவம் ஊற்றுவதில்லை, வெறும் தண்ணீர்தான். ஒழுகினாலும் நஞ்சு காருக்குள் வராது. அக்கா இருக்கப்போகிற இருக்கைக்குக் கீழே, கம்பளம் இல்லாத தகரத்தில், பழைய பேப்பரை விரிப்பது. அத்தான் ஓட்டுவார். நான் அந்த இருக்கையில், சப்பாத்தைக் கழற்றி, வெறும் காலுறையோடு, பேப்பரில் காலை வைத்துக்கொண்டு இருப்பேன். வேகம் காட்டுகிற முள் இல்லாதபடியால் பெரிய றோட்டுக்குப் போகாமல், எங்கள் தெருக்களையே சுற்றுவோம். ஹீற்றரை முழுக்கத் திறந்து, கண்ணாடி தெளிகிறதா, முழங்காலில் சூடு படுகிறதா, கால் நனைகிறதா என்று பார்ப்பது. நனைந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றுவது. காய்ந்திருந்தால் தண்ணீரை இறக்கிப் பச்சைத் திரவத்தை ஊற்றி, டாஷ்போட்டைப் பூட்டி, சனிக்கிழமை மனோர் பார்க் வரைக்கும் ஒருதரம், அக்காவும் பிள்ளையும் இல்லாமல், முழுத் தூரமும் போய்த் திரும்புவது. அதிலும் கால் காய்ந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை அந்த இருக்கையில் அக்கா.